ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கம்

சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் பங்குகள் 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தன. தன் ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்களாகிவிட்டார்கள், அவர்களில் 70 பேர் வரை முப்பது வயதைத் தாண்டாதவர்கள் என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். ஸ்டார்ட்அப்பில் வேலை என்றால் "ஏன், பெரிய கம்பெனியில கிடைக்கலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பாக்கள்கூட அந்த வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீயும் அப்படி ஒண்ணுல சேரக் கூடாதா?" என்றார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 36 டாலருக்கு வெளியிடப்பட்ட அந்தப் பங்கு 2022 முடியும்போது 15 டாலருக்கும் கீழே கிடந்தது. 2024 நவம்பரில் அதே நிறுவனம் ஊழியர்களில் 13 சதவீதம், ஏறத்தாழ 660 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பட்டியலான சமயத்தில் அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள் என்பதையும், தொடக்கத்திலிருந்து அந்த நாள் வர பதினோரு வருஷம் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டு ஸ்டார்ட்அப் கதைகளில் ஊழியர்களுக்கு மிக நன்றாக முடிந்தவற்றில் இது ஒன்று. அதற்குள்ளேயே இவ்வளவு மேடு பள்ளம்.

மறுமுனையில் பைஜூஸ். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று சொல்லப்பட்ட அந்த நிறுவனம், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக 2024 ஜூலையில் திவால் நடைமுறைக்குள் போனது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. நேற்று வரை உலகத்தின் மிக மதிப்புள்ள கல்வி நிறுவனம் என்று பேசப்பட்ட இடத்தில்தான் அவர்கள் இருந்தார்கள்.

சென்ற வருஷம் என் அக்கா மகள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் வந்து நின்றாள். சிறுசேரியில் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றில் மூன்று வருஷ அனுபவம். பெருங்குடியில் முப்பது பேர் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப் ஒன்று அவளை அழைத்திருந்தது. சம்பளம் கூடுதல். அதற்கு மேல் "20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஈசாப்". "மாமா, போகலாமா வேண்டாமா?" என்றாள். ஆஃபர் லெட்டரை அனுப்பச் சொன்னேன். 20 லட்சம் என்பது முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதன் நிபந்தனை இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி: நிறுவனத்தின் திட்டப்படி, இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு.

ஸ்டார்ட்அப் என்ற சொல்லே முதலில் குழப்புகிறது. பதிவாகிப் பத்து ஆண்டுக்கு மேற்படாமல், எந்த ஆண்டிலும் விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டாமல், புதுமையாக ஏதாவது செய்யும் நிறுவனம் என்று மத்திய அரசு 2019-ல் வரையறுத்தது. பேச்சு வழக்கிலோ கல்லூரி நண்பர்கள் மூவர் வாடகை வீட்டில் நடத்துவதும் ஸ்டார்ட்அப், நாலாயிரம் பேர் வேலை பார்ப்பதும் ஸ்டார்ட்அப். ராக்கெட் செய்யும் அக்னிகுல் 2017-ல் தொடங்கியது. அதன் முதல் சோதனை ஓட்டம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2024 மே 30-ல். அங்கே சேர்கிறவர் பொறுமையோடு போக வேண்டும். மென்பொருள் சந்தா விற்கும் நிறுவனத்தில் ஆறே மாதத்தில் தெரிந்துவிடும், வாடிக்கையாளர் வருகிறாரா இல்லையா என்று. பத்து நிமிஷத்தில் மளிகை கொண்டுவரும் செயலியின் கணக்கு இரண்டிலும் சேராது. ஆகவே "ஸ்டார்ட்அப்புக்குப் போகலாமா" என்ற கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது; எந்த நிறுவனம், என்ன வயதில், யார் பணத்தில் ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

யார் பணத்தில் என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊழியர்களின் பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது. ஸ்டார்ட்அப்பில் பணம் போடும் முதலீட்டு நிதி ஒரே இடத்தில் எல்லாவற்றையும் போடுவதில்லை. இருபது முப்பது நிறுவனங்களில் பிரித்துப் போடும். பாதி மூழ்கினாலும், ஒன்றிரண்டு பல மடங்கானால் அதற்குக் கணக்கு நேராகிவிடும். ஊழியரும் ஒரு முதலீட்டாளர்தான். அவர் போடுவது நான்கு வருஷ வாழ்க்கை. அதை முப்பதாகப் பிரிக்க முடியாது. "பத்தில் ஒன்று ஜெயித்தால் போதும்" என்று மேடையில் சொல்கிறவருக்கு அது உண்மை. ஒன்பதில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

இப்போது ஈசாப்புக்கு வருவோம். ஊழியருக்குப் பங்கு கொடுக்கும் திட்டம் என்கிறோம். உண்மையில் கையில் வருவது பங்கு இல்லை. பின்னொரு நாளில், இன்றே குறித்துவைத்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. ஆப்ஷன் என்பது இதைத்தான். அந்த உரிமையும் சேர்ந்த அன்றே நமதாகாது. இந்தியக் கம்பெனிச் சட்ட விதிப்படி உரிமை வழங்கியதற்கும் அது கைக்கு வருவதற்கும் குறைந்தது ஒரு வருஷம் இடைவெளி வேண்டும். வழக்கமாக நான்கு வருஷத்தில் பகுதி பகுதியாகச் சேரும். இதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். பதினோராம் மாதத்தில் வேலை போனால் கையில் ஒன்றுமில்லை.

சரி, நான்கு வருஷமும் தாக்குப்பிடித்தாயிற்று. வேலையை விடுகிறீர்கள். பல நிறுவனங்களின் திட்டத்தில், விலகிய 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உரிமை காலாவதி. இங்கே வருமான வரி குறுக்கே வருகிறது. ஆயிரம் ஆப்ஷன், குறித்த விலை பத்து ரூபாய், இன்றைய மதிப்பீடு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4,90,000 ரூபாய். இந்தத் தொகையைச் சம்பளமாகவே வருமான வரிச் சட்டம் பார்க்கிறது. முப்பது சதவீத வரம்பில் இருப்பவர் மேல்வரியும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். கையில் பணம் எதுவும் வரவில்லை. வந்திருப்பது சந்தையில் விற்க முடியாத ஒரு தனியார் நிறுவனத்தின் பங்கு. பிறகு என்றாவது விற்று லாபம் வந்தால் அதற்குத் தனியாக மூலதன ஆதாய வரி. 2020 நிதிச் சட்டம் இந்த முதல் வரியைச் சில ஆண்டு தள்ளிப்போட வழி செய்தது. ஆனால் அரசின் தனிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும்தான், அதுவும் வேலையை விட்டால் சலுகை முடிந்தது. சலுகை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது பறிபோகிறது. இதை எழுதியவர்கள் ஒரு நாளும் ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கு இதைவிட மறைவானது. என் அக்கா மகளுக்குச் சொல்லப்பட்ட 20 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் மதிப்பு 40 கோடி, அவள் பங்கு 0.5 சதவீதம், அதனால் 20 லட்சம். முதலீட்டாளர்கள் பத்துக் கோடி போட்டு 25 சதவீதம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். நாளை நிறுவனம் பாதி விலைக்கு, 20 கோடிக்கு விற்கப்பட்டால் அவளுக்குப் பத்து லட்சம் வரும் என்றுதான் தோன்றும். வராது. முதலீட்டாளர் ஒப்பந்தங்களில், விற்கும்போது போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை சாதாரணமாக இருக்கும். பத்துக் கோடி அவர்களுக்குப் போய்விடும். மிச்சப் பத்துக் கோடியை மீதி 75 சதவீதத்தினர் பிரித்துக்கொள்ள வேண்டும். அவள் பங்கு 6,66,667 ரூபாய். இதிலும் பங்கு வாங்கக் கட்டிய விலை கழியும். இடையில் புதிய முதலீடு வந்து புதுப் பங்குகள் வெளியாகியிருந்தால் அந்த 0.5 சதவீதமும் சுருங்கியிருக்கும்.

ஈசாப்பில் யாருக்கும் காசு வருவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2018-ல் ஃப்ளிப்கார்ட்டை வால்மார்ட் வாங்கியபோது பலருக்கு வாழ்க்கை மாறியது. ஃபோன்பே தனியாகப் பிரிந்ததை ஒட்டி 2023-ல் அதே ஃப்ளிப்கார்ட் சுமார் 70 கோடி டாலரை ஆப்ஷன் வைத்திருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வேலையை விட்டுப் போன பழைய ஆட்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. பேடிஎம் ஊழியர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்த பங்கு முதல் நாளே கால் பங்குக்கு மேல் சரிந்து, ஒரு வருஷத்தில் ஐந்நூறுக்கும் கீழே போனது. இரண்டு இடத்திலும் ஊழியர்கள் உழைத்தார்கள். விலை எங்கே நிற்கும் என்பது அவர்கள் உழைப்பில் மட்டும் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் கோயம்புத்தூரில் இருக்கிறது. வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம், மூன்று வருஷம் உடனிருக்கும் ஊழியருக்கு ஆறு மாதச் சம்பளத்தைப் போனஸாகத் தருவதாக 2022-ல் அறிவித்தது. 2025 தொடக்கத்தில் கொடுக்கவும் ஆரம்பித்தது. 140 பேர் அளவில், மொத்தம் 14 கோடி ரூபாய்க்கு மேல். பங்கு என்பது விற்கும் வரை காகிதப் பணம்தான், அதனால் ரொக்கமாகவே கொடுத்துவிடலாம் என்று நிறுவனர் சரவணகுமார் முடிவெடுத்தாராம். கோடீஸ்வரர் செய்திக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசி இதற்குக் கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆக, வீட்டுக் கணக்கில் ஈசாப்புக்குப் பூஜ்யம் போடுங்கள். பூஜ்யம் போட்ட பிறகும் அந்த வேலை நிற்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சோதிக்கும் வழிகள்.

ஈசாப்பை எடுத்துவிட்டால் சம்பளம் நிற்கும். அதிலும் சி.டி.சி., அதாவது ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று எழுதும் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கும். நிரந்தர ஊழியருக்கு அது ஐந்து வருஷம் முடித்தால்தான் கிடைக்கும், ஆனால் அந்த நிறுவனமே ஐந்து வருஷம் இருக்குமா என்பதுதான் நம் கேள்வி. பெர்ஃபார்மன்ஸ் போனஸ் என்பது கொடுக்கும்போதுதான் போனஸ். பி.எஃப். விதி இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் அது இல்லாமலிருப்பது குற்றமல்ல. ஆனால் பழைய வேலையில் முதலாளி பங்காக வந்துகொண்டிருந்த தொகை நின்றுபோகும், ஒப்பிடும்போது அதைக் கழிக்க வேண்டும்.

நான் இருபத்தெட்டு வயதில் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. மாதாமாதம் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் ஒழுங்காக இருந்தது. விலகிய பிறகுதான் தெரிந்தது, கடைசி ஏழு மாதம் பிடித்ததைக் கட்டவே இல்லை. இன்று அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டியது பாஸ்புக்கில் தெரியும். ஒரு நிறுவனத்தின் கஜானா காலியாகிறது என்பதற்கு முதல் அறிகுறி பெரும்பாலும் இங்கேதான் வரும், டவுன்ஹால் கூட்டத்தில் வராது.

மூழ்கிய நிறுவனத்தில் சம்பள பாக்கி என்னவாகும்? 2016 திவால் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களும், தொழிலாளர்களின் இரண்டு வருஷ பாக்கியும் ஒரே படியில். சட்டத்தின் பார்வையில் 'தொழிலாளர்' அல்லாத மற்ற ஊழியர்களுக்கு அதற்கும் கீழே, பன்னிரண்டு மாத பாக்கி வரை. மடிக்கணினிகளும் வாடகை அலுவலகமும் மட்டுமே சொத்தாக உள்ள நிறுவனத்தில் அந்தப் படி வரை பணம் இறங்கி வருவது அபூர்வம்.

எனவே சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் இண்டர்வியூவில் பதில் சொல்லத்தான் பழகியிருக்கிறார்கள், கேள்வி கேட்பது மரியாதைக் குறைவென்று நினைக்கிறார்கள். கடைசியாக எப்போது பணம் திரட்டினீர்கள், இன்றைய செலவில் அது எத்தனை மாதம் வரும் என்று கேட்கலாம். இதை ரன்வே என்பார்கள். அடுத்த முதலீட்டைத் திரட்டவே ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அதனால் ஒரு வருஷத்துக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். ஆப்ஷன் எத்தனை என்பது பாதிக் கேள்விதான். மொத்தப் பங்கு எத்தனை என்பது மறுபாதி. பத்தாயிரம் ஆப்ஷன் பத்து லட்சத்தில் ஒரு சதவீதம், பத்துக் கோடியில் ஒன்றுமேயில்லை. விலகினால் எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

வாயால் கேட்டதைச் சரிபார்க்கவும் வழியுண்டு. தனியார் நிறுவனங்களும் ஆண்டுக் கணக்கை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்கின்றன. சிறு கட்டணம் செலுத்தி அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இதற்கு ஒரு சாயங்காலம் செலவழிக்கலாம். கணக்கும் பொய் சொல்லக்கூடும் என்பது வேறு: கார் பழுது பார்க்கும் கோமெக்கானிக் நிறுவனத்தில் கணக்கு திரிக்கப்பட்டதை 2023 ஜனவரியில் நிறுவனரே ஒப்புக்கொண்டார், ஊழியர்களில் 70 சதவீதம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதனால் மனிதர்களையும் கேட்க வேண்டும். அங்கே இருப்பவர்களைவிட, சென்ற வருஷம் விலகியவர்கள் இருவரைப் பிடியுங்கள். விலகும்போது தர வேண்டிய பாக்கி, அதாவது ஃபுல் அண்ட் ஃபைனல், எத்தனை நாளில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. நாற்பத்தைந்து நாள் என்று பதில் வந்தால்கூடப் பொறுக்கலாம். "இன்னும் வரவில்லை" என்றால் வேறு எதையும் கேட்க வேண்டாம்.

பெண்களுக்கு இன்னும் இரண்டு கேள்வி உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த அலுவலகத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று கேட்டால் பெயர்கள் உடனே வர வேண்டும். பிரசவ விடுப்பு 26 வாரம் சட்டப்படியான உரிமை. அந்தச் சம்பளம் முழுக்க முதலாளியின் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பதால் சின்ன நிறுவனங்கள் முகம் சுளிக்கும். இதுவரை யாராவது எடுத்திருக்கிறார்களா, எடுத்தவர் திரும்பி வந்தாரா என்பதில் பதில் இருக்கிறது.

பணத்தை விட்டால் அடுத்து எல்லோரும் சொல்வது கற்றல். பெரிய நிறுவனத்தில் மூன்று வருஷம் ஒரே ஸ்கிரீனைத் திருத்திக்கொண்டிருப்பதை ஸ்டார்ட்அப்பில் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு, ராத்திரி வாடிக்கையாளர் போனையும் எடுத்து, மறுநாள் விலைப்பட்டியலும் போடலாம். உண்மைதான். ஆனால் நிறைய வேலை செய்வதும் வேலை கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. இருபத்திரண்டு வயதுக்காரர்கள் பத்துப் பேர் மட்டும் இருக்கும் இடத்தில் தவறைத் திருத்த ஆளில்லை. தவறையே வேகமாகச் செய்யப் பழகிவிடுவார்கள். "வயசு இருக்கும்போதே ரிஸ்க் எடு" என்று கல்லூரி விழாக்களில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் வேலையை, செய்ததைப் படித்துப் பார்த்துத் திருத்தும் மூத்தவர் இருக்கிற இடத்தில் எடுப்பதே நல்லது, அது பெரியதோ சிறியதோ. ஸ்டார்ட்அப்புக்கு ஏற்ற நேரம் மூன்றாம் நான்காம் வருஷம். ஒரு தொழில் கைவசம் இருக்கும். அந்த நிறுவனம் மூடினாலும் சந்தையில் அதற்கு விலை இருக்கும்.

நீண்ட கால வருமானத்தைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. டென்மார்க் நாட்டின் பதிவேடுகளை வைத்து ஓலவ் சோரன்சன், மைக்கேல் டால் உள்ளிட்டோர் 2021-ல் வெளியிட்டது. ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தவர்கள் அடுத்த பத்து வருஷத்தில், பெரிய நிலைத்த நிறுவனங்களில் சேர்ந்தவர்களைவிடச் சுமார் 17 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள் என்று அது காட்டியது. டென்மார்க்கில் வேலை போனால் அரசு தாங்கும். பெருங்குடியில் தாங்குவது அப்பாவின் ஓய்வூதியம். இங்கேயோ நல்ல ஸ்டார்ட்அப்கள் தொடக்கச் சம்பளத்தைச் சேவை நிறுவனங்களைவிடக் கூடுதலாகவே தருகின்றன. அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கோடீஸ்வரர் கதையை மட்டும் கேட்டவர்களின் காதில் போட்டுவைக்கலாம்.

வீட்டுச் சூழலைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் ஒன்று. வங்கிகள் கடன் கொடுக்கும்போது நிறுவனத்தின் பெயரைத் தங்கள் பட்டியலில் தேடும். பட்டியலில் இல்லாத கம்பெனி என்றால் தொகை குறையும் அல்லது வட்டி ஏறும். வீட்டுக் கடன் வாங்கும் திட்டமிருந்தால் அதை முடித்துவிட்டு வேலை மாறுகிறவர்கள் பலர். ஆனால் மாதத் தவணை தலைக்கு மேல் இருக்கும்போது ரன்வே எட்டு மாதம் உள்ள இடத்துக்குப் போவது துணிச்சல் இல்லை. ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கலாம்.

திரும்பி வரும் பாதையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "விலகிய பின் இரண்டு வருஷம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்ற நிபந்தனை பல ஆஃபர் லெட்டர்களில் இருக்கும். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. குறைந்தபட்ச காலம் வேலை பார்க்காவிட்டால் பணம் கட்டும் பாண்டு வேறு விஷயம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. முந்தையதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிந்தையதைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

என் அக்கா மகள் கேட்டாள். ரன்வே பதினான்கு மாதம் என்று நிறுவனரே கணக்குத் தாளைத் திறந்து காட்டினார். 90 நாள் அவகாசத்தை ஒரு வருஷமாக்கச் சொன்னாள். முடியாது என்றார்கள், பதிலுக்குச் சம்பளத்தில் வருஷத்துக்கு அறுபதாயிரம் ஏற்றினார்கள். விலகிய இருவரில் ஒருவர் நல்லபடியாகச் சொன்னார், இன்னொருவர் வேலை நேரத்தைப் பற்றிப் புலம்பினார். பாக்கி இருவருக்குமே வந்திருந்தது. ஈசாப்புக்குப் பூஜ்யம் போட்டும் பழைய சம்பளத்தைவிட மேலே நின்றது. சேர்ந்துவிட்டாள். மாதாமாதம் 20-ஆம் தேதி வாக்கில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்க்கிறாள். இதுவரை ஒரு மாதமும் விடுபடவில்லை.